எண்பத்துமூன்று மெகாஹேர்ட்ஸ்

2023 மாரியில் ஒரு சனிக்கிழமை இரவு எங்களில் ஒருவரின் மகன் லியோனிலிருந்து தொலைபேசி எடுத்தான். ஒவ்வொரு பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய புதுக் கொம்பியூட்டர். முதல் நாள் நன்றாக வேலை செய்ததாம். மெமறியின் பெட்டியில் எழுதியிருந்த வேகத்துக்கு அதைக் கூட்டிவிட்டு மறுபடி போட்டால் திரை கறுப்பு. விசிறிகள் சுற்றுகின்றன, லைற்றுகள் எரிகின்றன, வேறொன்றுமில்லை.

"அப்பா, அது செத்துப்போச்சு" என்றான்.

"ஒண்டும் செய்யாதை. நிப்பாட்டாதை. பத்து நிமிசம் விட்டுட்டு இரு."

ஆறாவது நிமிடம் திரையில் எழுத்து வந்துவிட்டது. இப்போதைய டிடிஆர் 5 மெமறியின் வேகத்தை மாற்றினால், மதர்போட் முதலில் அந்த மெமறியோடு இருந்து பழகிப் பார்க்கும். எந்த நேர இடைவெளியில் பேசினால் இரண்டுக்கும் ஒத்துவரும் என்று திரும்பத் திரும்பச் சோதிக்கும். அதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். இது தெரியாதவர்கள் பொறுமையிழந்து கரண்டை நிறுத்துவார்கள். அது முதலிலிருந்து தொடங்கும். பெடியன் சந்தோசப்பட்டுவிட்டுக் கேட்டான்: "உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?"

அதற்கு அன்று தொலைபேசியில் ஒழுங்காக மறுமொழி சொல்லவில்லை. எங்களில் இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோம். மூவரும் கதைத்துப் பார்த்துவிட்டு, எழுதியே வைப்போம் என்று முடிவெடுத்தோம்.

1999 இல் நாங்கள் நான்கு பேர் பரிசின் வடக்குப் புறநகர் ஒன்றில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். இரண்டு பேர் றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவினோம். ஒருவர் விடிய நாலு மணிக்கு எழும்பி வீடு வீடாக விளம்பரத்தாள் போட்டார். நான்காமவருக்கு விசா இல்லை. எனவே சமையல் அவரது பொறுப்பு. இந்த வருமானத்தில்தான் ஒரு சஞ்சிகையும் நடத்தினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அட்டையில் போட்டிருந்தோம். வந்தபோது வந்தது என்பதே சரி. முதல் இதழ்கள் கையெழுத்தில் எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்தவை. பிறகு ஒரு பழைய கொம்பியூட்டர் கிடைத்தது, பாமினி எழுத்துரு கிடைத்தது. இரவு பதினொரு மணிக்கு வேலையால் வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு அதன் முன் இருந்துவிடுவோம்.

அந்தப் பழைய பெட்டி, பக்கத்துக்கு ஒரு படம் வைத்தாலே மூச்சுவாங்கும். எங்களில் இளையவரைத் தம்பி என்போம். அவர் பிரெஞ்சுக் கொம்பியூட்டர் சஞ்சிகைகளை லாச்சப்பலிலிருந்து வரும்போது ரயிலில் வாசித்துக்கொண்டு வருவார். அவர்தான் செலரோன் 300ஏ என்ற பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்.

விசயம் இதுதான். இன்ரெல் நிறுவனம் 1998 ஆவணியில் இந்தச் சிப்பை மலிவான கொம்பியூட்டர்களுக்கென்று வெளியிட்டது. அதே மாதத்தில் பென்ரியம் 2 இன் 450 மெகாஹேர்ட்ஸ் சிப்பும் வந்தது. விலையில் இரண்டுக்கும் இடையே நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் மலிவானதற்குள் 128 கிலோபைற் இடைநினைவு சிப்பின் உள்ளேயே இருந்தது. சிப்பின் முழு வேகத்தில் ஓடியது. விலைகூடியதில் 512 கிலோபைற் இருந்தாலும் அது சிப்புக்கு வெளியே, அரை வேகத்தில். செலரோனின் வேகம் எப்படி வருகிறது என்றால், மதர்போட்டின் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ், அதை நாலரையால் பெருக்கினால் 300. அந்த நாலரையை மாற்ற முடியாது, பூட்டிவிட்டார்கள். துடிப்பை மாற்றலாம். 66 ஐ 100 ஆக்கினால் 450. அதாவது ஏழையின் சிப் பணக்காரனின் சிப்பாகிவிடும். உலகம் முழுவதும் பெடியள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சில மதர்போட்டுகளை ஏமாற்றுவதற்காகச் சிப்பின் பி21 என்ற ஒரேயொரு தொடுகையை நகப்பூச்சால் மறைத்தவர்களும் உண்டு.

கதைக்கே இடமில்லை. பன்னிரண்டாம் வட்டாரத்தின் மொங்கலே வீதியில் இரு பக்கமும் கொம்பியூட்டர்க் கடைகள். ஒரு திங்கட்கிழமை நான்கு பேரும் போய், கடை கடையாக விலைத்தாள் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். சிப், 440பிஎக்ஸ் மதர்போட், 64 மெகாபைற் மெமறி. பழைய பெட்டியிலிருந்து வன்தட்டையும் 32 மெகாபைற் மெமறித் துண்டொன்றையும் கழற்றிப் புதியதில் போட்டோம். இருந்ததை எறிய மனம் வராது. அந்த 32 மெகாபைற் எங்களுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு.

300 இல் உடனே வேலை செய்தது. அதோடு நின்றிருக்கலாம். உண்மையைச் சொன்னால் பக்கம் கட்டுவதற்கு அதுவே போதும். ஆனால் நாங்கள் 450 க்குத்தானே வாங்கினோம். அன்றிரவே துடிப்பை 100 ஆக்கிச் சேமித்தோம். கொம்பியூட்டர் அணைந்து மறுபடி எழும்பியது. விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

கறுப்புத் திரையின் கொடுமை என்னவென்றால், தவறைத் திருத்தும் இடத்துக்குப் போவதற்கும் அந்தத் திரைதான் வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கொம்பியூட்டர் தொடங்க வேண்டும். தொடங்க வேண்டுமென்றால் வேகம் குறைய வேண்டும். விசா இல்லாமல் வேலையில்லை, வேலையில்லாமல் விசா இல்லை என்று வாழ்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. மதர்போட்டின் மூலையில் நாணயம் போன்ற பற்றரிக்குப் பக்கத்தில் மூன்று ஊசிகளும் அதில் ஒரு சின்னத் தொப்பியும் உண்டு. கரண்டை முற்றாகக் கழற்றிவிட்டுத் தொப்பியை மறுபக்கத்து இரண்டு ஊசிகளில் சில வினாடிகள் போட்டுவிட்டுத் திரும்பவும் பழைய இடத்தில் போட்டால், மதர்போட் தான் கற்ற எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலையில் பிறந்த நிலைக்குப் போய்விடும். அந்தத் தொப்பியை அந்தக் கிழமை எத்தனை தரம் மாற்றினோம் என்பதற்குக் கணக்கில்லை.

செய்தவற்றைச் சொல்கிறோம். சிப்புக்கு 2.0 வோல்ற் என்பது விதி. 2.1 கொடுத்தோம், பிறகு 2.2. கறுப்பு. சிப்பைக் கழற்றிச் சூட்டுப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினோம். கறுப்பு. பெட்டியின் பக்கத்தைத் திறந்து யன்னலோரம் வைத்தோம். வெளியே மாசிக் குளிர். நாங்கள் நடுங்கினோம், அது எழும்பவில்லை. ஒலி அட்டையையும் மோடத்தையும் கழற்றினோம். கறுப்பு.

ஒருமுறை தம்பி கோபத்தில் இரண்டு மெமறித் துண்டுகளையும் பிடுங்கிவிட்டு 100 இல் போட்டார். அப்போது அது கத்தியது. நீண்ட பீப், இடைவெளி, நீண்ட பீப். நாங்கள் பயந்து நிறுத்திவிட்டோம். கீழ்வீட்டுக் கிழவி ஏற்கனவே எங்களைப் பற்றி முறைப்பாடு செய்திருந்தாள். அந்தக் கத்தலில்தான் முழு மறுமொழியும் இருந்தது. சிப் 450 இல் உயிரோடு இருந்ததால்தான் மெமறியைக் காணவில்லையே என்று கத்த முடிந்தது. செத்தது கத்தாது. சிப் நல்லது, மெமறியைப் பார் என்று அது சொன்னது. எங்களுக்கு அது வெறும் சத்தமாகவே கேட்டது.

ஒரு கிழமை இப்படிப் போனபின், வயதில் மூத்தவர் சமாதானம் பேசினார். "66 உம் வேண்டாம், 100 உம் வேண்டாம். நடுவிலை ஒண்டு இருக்குதெல்லே, அதைப் போடுங்கோ." மதர்போட்டின் பட்டியலில் 75 உம் 83 உம் இருந்தன. 83 ஐப் போட்டோம். நாலரையால் பெருக்க 374. திரை வந்தது! விண்டோஸ் 98 வந்தது. தேத்தண்ணி போட்டுக் குடித்தோம்.

எல்லாரும் மாஸ்ரர் என்று அழைக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வருவார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். விசயத்தைக் கேட்டுவிட்டு, "வேறை இலக்கம் கிடைக்கேல்லையே உங்களுக்கு? 83 இலை ஆருக்கடா நல்லது நடந்தது?" என்றார். எல்லாரும் சிரித்தோம். எங்களில் இரண்டு பேர் 1983 ஆடியில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள். அவர்களும் சிரித்தார்கள்.

மாஸ்ரரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்ததே, அதில் அவரும் தாயாரும் நடந்தார்கள். மழையில், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு. தாயார் அந்தக் கார்த்திகையிலேயே சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமானார். மாஸ்ரர் பிறகு வன்னி, கொழும்பு என்று அலைந்து பரிசுக்கு வந்தார். அந்த இரவைப் பற்றி எழுதித்தாருங்கள் என்று ஒரு வருடமாகக் கேட்டோம். எழுத மாட்டேன், வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். ஒரு ஞாயிறு மத்தியானம் தொடங்கி இரண்டு கசெற் நிறையச் சொன்னார். நாங்கள் ஒருவர் மாறி ஒருவராகக் கேட்டுக் கேட்டு அடித்தோம். 41 பக்கம் வந்தது. முதல் பதினைந்து பக்கம் ஒரு பிளொப்பியில் இருந்தது. மிச்சத்தைப் பிறகு எடுப்போம் என்றிருந்தோம். அடித்து முடிந்த கசெற்றுகளில் தெரிந்த ஒருவரின் மகளின் சாமத்தியவீட்டுக்குப் பாட்டுகள் பதிந்து கொடுத்தோம். வேறு கசெற் கையில் இருக்கவில்லை. இதற்கு மேல் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை.

83 இல் இரண்டு கிழமை ஓடியது. இடைக்கிடை கொம்பியூட்டர் உறையும். எந்தக் கொம்பியூட்டர்தான் உறையவில்லை என்று விட்டுவிட்டோம். ஒரு வியாழன் இரவு, மாஸ்ரரின் கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்திச் சேமிக்கும்போது உறைந்து நின்றது. அணைத்துப் போட்டோம். ஸ்கான்டிஸ்க் என்ற நீலத்திரை வந்து பிழைகளை எண்ணத் தொடங்கியது. நாங்கள் எல்லாவற்றுக்கும் ஆம் ஆம் என்று அமத்தினோம். விடிய இரண்டு மணிக்குத் திரும்பப் பார்த்தபோது மாஸ்ரரின் கோப்பு இருந்த இடத்தில் இல்லை.

ஏன் என்பது பிறகு விளங்கியது. மதர்போட்டின் துடிப்பைச் சிப் மட்டும் பாவிப்பதில்லை. வன்தட்டோடு பேசும் பிசிஐ என்ற பாதையும் அதிலிருந்துதான் தன் துடிப்பை எடுக்கிறது. அதன் விதி 33. மதர்போட் 66 இல் இருந்தால் இரண்டால் பிரித்து 33. 100 இல் இருந்தால் மூன்றால் பிரித்து 33. 83 இலும் எங்கள் மதர்போட் இரண்டால்தான் பிரித்தது. 41.5. வன்தட்டின் பாதை விதியைவிடக் காற்பங்கு கூடிய வேகத்தில் இரண்டு கிழமை இரவும் பகலும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. எழுதியதில் எது சரி எது பிழை என்று அதற்கே தெரியாது. ஆக, 66 பாதுகாப்பானது. நாங்கள் பயந்து விட்ட 100 உம் வன்தட்டுக்குப் பாதுகாப்பானது. நடுவில் இருந்ததுதான் ஆபத்து. நடுவழி எப்போதும் பத்திரம் என்று நாங்கள் எங்கே படித்தோமோ தெரியாது. எங்கள் ஊர் அனுபவத்தில் படித்ததல்ல.

வன்தட்டைக் கழற்றி, றெஸ்ரோறன்ற்றில் கூட வேலை செய்த ஒருவரின் வீட்டுக் கொம்பியூட்டரில் இரண்டாவது தட்டாகப் பூட்டினோம். ஸ்கான்டிஸ்க் பொறுக்கிய துண்டுகள் இலக்கமிட்ட கோப்புகளாக இருநூறுக்கு மேல் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். பெரும்பாலும் குப்பை. பாமினி எழுத்துரு இல்லாமல் பார்த்தால் தமிழ் தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். ஆனால் வருடக்கணக்காக அடித்த கைகளுக்கு அது தெரியும். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்தால் அம்மா. கே, ஐ, ஓ என்று வந்தால் மழை. அப்படித்தான் கண்டுபிடித்தோம். குப்பைக்கு நடுவில் நாலு வரி அம்மா, மழை, சைக்கிள், பாலம். பிறகு மறுபடி குப்பை. நான்கு பேரும் ஒரு திரைக்கு முன் குனிந்து நின்று ஆங்கில எழுத்தில் அந்த இரவை எழுத்துக்கூட்டினோம். மொத்தம் ஒன்பது பக்கமளவு தேறியது. பாலத்தைக் கடந்த பகுதியில் அரைப் பக்கம்தான் கிடைத்தது.

மாஸ்ரரிடம் சொல்ல யாருக்கும் முகமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் சேர்ந்து சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. கிடைத்ததை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். "ரோட்டு முழுக்க நான் அம்மாவின்ரை கையை விடேல்லை" என்று ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாஸ்ரர், திருப்பி ஒருக்காச் சொல்லுவியளோ?"

"ஏலாது ராசா. ஒருக்காச் சொல்லிப்போட்டன்."

அன்று சாப்பிடாமலே போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்து, கொப்பித்தாளில் கையால் எழுதிய நான்கு பக்கத்தைத் தந்தார். எழுத மாட்டேன் என்று ஒரு வருடம் சொன்ன மனுசன்.

அதில் கையை விடாத கதை இல்லை. நாவற்குழிக்கு இந்தப் பக்கம் தாயாரை மழையில் தெருவோரம் ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு, சைக்கிளையும் சாமான்களையும் கொண்டுபோய் அக்கரையில் வைத்துவிட்டு வரலாம் என்று போயிருக்கிறார். போனவர் சனத்துக்கு எதிராகத் திரும்பி வர முடியவில்லை. விடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். தாயார் அதே மரத்தடியில் இருந்தார். "வந்திட்டியோ" என்று மட்டும் கேட்டாராம். அன்று பிடித்த காய்ச்சல்தான்.

"கசெற்றிலை சொன்னது சரியில்லைத் தம்பிமார். இதைப் போடுங்கோ" என்றார்.

அதையே போட்டோம். பிளொப்பியில் இருந்த பதினைந்து பக்கத்தையும் போடவா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். பல வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். சிலர் சொந்தக் கதையையும் எழுதி அனுப்பினார்கள். பிறகு யாரோ ஒருவர் எங்களிடம், "பார்த்தியளே, அழிஞ்சதும் நல்லதுக்குத்தான்" என்றார். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மாஸ்ரர் எங்களை நம்பித் தன் குரலில் சொன்ன மூன்று மணித்தியாலம் அழிந்தது எங்கள் அவசரத்தால். அவர் பிறகு எழுதியது அவருடைய துணிவு. எங்கள் பிழையின் கணக்கில் அவருடைய துணிவை வரவு வைக்க எங்களுக்கு உரிமையில்லை.

கொம்பியூட்டரின் நோய் இதழ் வந்தபின்தான் பிடிபட்டது. வன்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, தம்பி இந்த முறை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு தொடங்கினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, நடந்ததை எழுதுவது, பிறகு அடுத்தது. முன்பு நாங்கள் வோல்ற்றையும் பசையையும் துண்டையும் ஒரே இரவில் மாற்றி, எது எதைச் செய்தது என்று தெரியாமல் நின்றோம். மூன்றாவது சோதனையிலேயே தெரிந்துவிட்டது. பழைய 32 மெகாபைற் துண்டைக் கழற்றி, புதியதை மட்டும் வைத்து, 2.0 வோல்ற்றில், 100 இல் போட்டார். 450 என்று திரையில் வந்தது. இரண்டு துண்டுகளையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தோம். பழையதன் சிப்புகளின் கடைசியில் 10 என்றும் புதியதில் 8 என்றும் பொறித்திருந்தது. பழையது 66 க்கென்று விற்றது. 100 இல் அதனால் ஓட முடியாது. எறிய மனம் வராமல் வைத்த துண்டு. அதை இழுத்துக்கொண்டு ஓடத்தான் அந்தச் சிப் ஒரு கிழமை தெண்டித்தது.

450 ஐ ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, 66 க்கே திருப்பிவிட்டோம். யாரும் வாக்கெடுப்பு வைக்கவில்லை. சஞ்சிகை 2002 வரை அந்த 300 இலேயே வந்தது. ஒவ்வொரு இரவும் மூன்று பிளொப்பியில் கொப்பி எடுத்தோம். ஒன்று வீட்டில், ஒன்று றெஸ்ரோறன்ற்று அலுமாரியில், ஒன்று மாஸ்ரரிடம்.

மாஸ்ரர் 2011 இல் காலமானார். அந்த இரண்டு கசெற்றுகளில் ஒன்று பல வருடங்களுக்குப் பிறகு சாமத்தியவீட்டுக்காரரின் வீட்டு மேசை லாச்சிக்குள் இருந்து வந்தது. ஓடவிட்டுப் பார்த்தோம். பாட்டுகள்தான். நாடாவின் கடைசியில், பாட்டு முடிந்தபின், பதியாமல் தப்பியது ஒரு நிமிடமும் வராது. மழை பற்றியும் இல்லை, பாலம் பற்றியும் இல்லை.

"நிப்பாட்டும் தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுறன்" என்கிறார்.

அதை இப்போது நான்கு இடத்தில் கொப்பி எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று லியோனில் அந்தப் பெடியனிடம் இருக்கிறது.